நீ எழுதாமல் விட்ட பெயர்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போவதையும், நம் மதச் சின்னத்தை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வேலைக்குச் செல்வதையும் எழுதிவிட்டு, "அப்பாவுக்கு வருத்தமா?" என்று கேட்டிருந்தாய். வருத்தம் எதற்கு? தெரிந்தவர் எவருமில்லாத ஊரில் காய்ச்சலில் கிடந்த உன்னைத் தேடிவந்து கதவைத் தட்டியவர்கள் அந்த வழிபாட்டுக் கூட்டத்தார்தான் என்று படித்தபோது, அவர்களுக்காகவும் அன்றிரவு வேண்டிக்கொண்டேன்.

படிப்பும் தொழிலும் பெருகப் பெருக மதம் தானாகவே வீட்டுக்குள் ஒடுங்கிவிடும் என்று எங்கள் தலைமுறையில் பலர் நம்பினோம். 1960களில் அவ்வாறு கணித்த சமூகவியலாளர் பீட்டர் பெர்கர், 1999இல் தாம் தொகுத்த நூலொன்றில் அந்தக் கணிப்பு பிழையென ஒப்புக்கொண்டார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்களுக்கு, உறவும் தெருவும் பின்தங்கிவிட்ட இடத்தில், 'நீயும் எங்கள் பிள்ளைதான்' என்று சொல்ல மதம் ஒன்றே மிஞ்சியிருக்கும்போது அவர்கள் அதைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. உன் காய்ச்சல் நாளும் அப்படிப்பட்டதுதானே?

என் கவலை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. துணையாக வந்த மதத்தை அதிகாரம் கையில் எடுத்துக்கொண்டால், அணிபவளின் விருப்பத்தை அதன்பின் யாரும் கேட்பதில்லை. ஈரானில் 1936இல் பெண்கள் முக்காடிடக் கூடாதென்று ஆணை பிறந்தது. காவலர்கள் தெருவில் அதைப் பிடுங்கினார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு, அதே நாட்டில், முக்காடில்லாமல் வெளியே வரக் கூடாதென்று சட்டம் வந்தது. பாட்டி அணிந்ததற்காகத் துன்பப்பட்டாள், பேத்தி அணியாததற்காகத் துன்பப்பட்டாள். பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பள்ளிகளில் கண்ணில் படும்படியான மதச் சின்னங்களை எல்லா மதத்தாருக்கும் தடை செய்தது. மதத்தை வளர்ப்பதாகச் சொல்பவர்களும் அதை விலக்கி வைப்பதாகச் சொல்பவர்களும் கடைசியில் ஒரு சிறுமியின் தலையில்தான் கைவைக்கிறார்கள். உன் சின்னத்தை நீயே விரும்பி அணிந்தாய்; கழற்ற விரும்பும் நாளிலும் அந்த உரிமை உன்னிடமே இருக்க வேண்டும், உன் கூட்டத்தார் உட்பட எவரும் அதில் தலையிடக் கூடாது.

உன் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். விடியுமுன் எழுந்து, அறை மூலையில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். உதடுகள் அசையும், பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குக்கூட ஒரு சொல்லும் கேட்காது. சிறுவனாக இருந்தபோது ஒருநாள், யாருக்காக வேண்டினாய் என்று கேட்டேன். வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். என் பெயருக்கும் தம்பியின் பெயருக்கும் இடையில், வேறு மதத்தைச் சேர்ந்த எதிர்வீட்டு அம்மாவின் பெயரும் இருந்தது, அவருடைய முழங்கால் வலிக்காக. அவரளவுக்கு மதப்பற்று கொண்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி, மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். உன் கடைசிக் கடிதத்தில் 'நம்மவர்கள்' என்ற சொல் ஐந்து முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். முதல் ஆண்டுக் கடிதங்களில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. அவற்றில் பக்கம் பக்கமாக இருந்தவள், உன் அலுவலகத் தோழி. நீ வழிதெரியாமல் நின்ற முதல் வாரத்தில் உன்னைத் தன் வீட்டில் தங்கவைத்தாளே, அவள்தான். அவளுடைய மதம் வேறென்பதை ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டு, அவளுடைய சிரிப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாய். ஆனால் கடைசி மூன்று கடிதங்களிலும் அவள் பெயர் இல்லை.

அவள் நலமாக இருக்கிறாளா? இப்போதும் மதிய வேளையில் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறீர்களா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா