கடை, அலுவலகங்களின் உள் அமைப்பைப் பிரிக்கும் வேலைக்கு முன்னறிவிப்பும் பாதுகாப்பு விதியும் வேண்டி மனு

அனுப்புநர்
தியாகராய நகர், பாண்டி பஜார் பகுதிகளில் இன்டீரியர் பொருத்தும், பிரிக்கும் வேலை செய்யும் தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள், மேஸ்திரிகள்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600 003.

பொருள்: வணிகக் கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங், தடுப்பு, கண்ணாடி, வயரிங், ஏசி முதலியவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையை முன்னறிவிப்பு முறைக்குள் கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு கடை காலியாகும்போது, இடத்தை வெறும் கூடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் சீலிங், பிளைவுட் தடுப்பு, கண்ணாடிக் கதவு, ஏசி, டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி), முகப்புப் பலகை எல்லாவற்றையும் நாங்கள் கழற்றியாக வேண்டும். கட்டடத்தையே இடிப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும். உள்ளே இருப்பதை மட்டும் பிரித்தால் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்பதுதான் இன்றைய நடைமுறை. மாநகராட்சிக்குத் தெரியாது, தீயணைப்புத் துறைக்குத் தெரியாது, பல நேரம் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

இந்த வேலை யார் கைக்குப் போகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். பொருத்தும்போது கடைக்காரர் எங்களுக்குப் பணம் தருவார். பிரிக்கும்போது அது தலைகீழாகிவிடும். பழைய பொருள் வியாபாரி கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா இவ்வளவு தரேன், எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்று விலை பேசுவார். யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு வேலை. கொடுத்த பணத்தை மீட்க வேண்டுமே, அதனால் அவர் ஆட்கள் முதலில் தேடுவது செம்புக் கம்பி. அடுத்து ஏசி, அப்புறம் அலுமினியம். முதலில் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலைகளில் காசு இல்லை என்பதால் அவை கடைசிக்குப் போகின்றன, அல்லது நடப்பதே இல்லை. அடுத்த மாத வாடகை விழுந்துவிடுமே என்ற அவசரமும் சேர்ந்துகொள்வதால், மாதக் கடைசி இரவுகளில் விடிய விடிய வேலை நடக்கிறது. விளக்குகளைத்தான் முதலில் கழற்றுவார்கள். மீதி வேலை முழுக்க செல்போன் டார்ச் வெளிச்சத்தில்.

எங்களில் ஒருவர் நேரில் கண்டதைச் சொல்கிறோம். ஒரு வணிக வளாகத்தின் முதல் தளத்தில் இரவு வேலை. கடையின் மெயினை இறக்கியாகிவிட்டது. ஹெல்பர் பையன் ஏணியில் ஏறி, சீலிங்குக்கு மேலே கட்டாகப் போன வயர்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டினான். நான்கு வயர் வெட்டினான், ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வயர், பக்கத்துக் கடையின் லைன். எப்போதோ யாரோ குறுக்கு வழியாக இந்தக் கடையின் கூரை வழியே இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் ஏணியோடு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவச் செலவுக்குக் கடைக்காரர் வியாபாரியைக் கைகாட்டினார், வியாபாரி கட்டட உரிமையாளரைக் கைகாட்டினார். பையனிடம் இருந்தது தினக்கூலிப் பேச்சு மட்டும்தான், எழுத்தில் ஒன்றுமில்லை.

அலுவலகங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. மெயினை இறக்கினாலும் யுபிஎஸ், இன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டர் லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியைத் தனியாகக் கழற்ற வேண்டும் என்று புதிதாக வரும் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுவது எத்தனை நிமிட வேலை? அதற்குக்கூட அவர்களுக்கு அவகாசம் கொடுப்பதில்லை.

பழைய கட்டடங்களில் இதைவிட மோசமான ஒன்று கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது. பெயின்ட் அடித்த பழைய தடுப்புகளிலும் கூரைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருக்கக்கூடும். பார்க்கச் சாதாரண சிமென்ட் பலகை மாதிரிதான் இருக்கும். அதைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறார்கள். அந்த நார்த்தூள் நுரையீரலில் தங்கிவிடும், புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரலாம். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஸ்குரூவைக் கழற்றி, உடையாமல் முழுச் சீட்டாக இறக்கி, கனமான பாலித்தீனில் சுற்றித் தனியே வைப்பதுதான் முறை. ஓடு, கிரானைட் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசிக்கும் தண்ணீர் ஊற்றித்தான் வேலை செய்ய வேண்டும்.

கண்ணாடி விஷயத்தில் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஏழடிக்கு மூன்றடி கதவு ஏறக்குறைய 60 கிலோ வரும். கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் வேக்கம் பிடி இல்லாமல் இரண்டு பேர் வெறுங்கையால் தூக்கிப் படியில் இறக்குகிறார்கள். ஏசியில் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்காமல் குழாயை அப்படியே வெட்டிவிடுகிறார்கள்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு மெஸனைனை (கடைக்குள் போட்ட இடைத்தளத்தை) கேஸ் கட்டர் வைத்து அறுக்கும்போது பக்கத்திலேயே ஃபோம், ரெக்சின், பிளைவுட் தூள் குவிந்து கிடக்கும். தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் குழாயைக் கழற்றுவதற்காக அந்தத் தளத்தின் வால்வையும் மூடியிருப்பார்கள். மேல் மாடியில் வேறு அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இது தெரியாது.

2017 மே 31 அன்று தி.நகர் ஜவுளிக்கடையில் பிடித்த தீயை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கட்டடத்தை இடித்தபோது இயந்திரம் இயக்கிய ஒருவர் உயிரிழந்தார். 2023 ஜனவரி 27 அன்று அண்ணா சாலையில் இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் விழுந்து, நடைபாதையில் போன இளம்பெண் இறந்தார். அவை தெருவில் எல்லோரும் பார்த்த விபத்துகள். ஷட்டருக்கு உள்ளே நடப்பது செய்தியாகக்கூட வருவதில்லை.

சட்டமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், இடித்தல் ஆகியவற்றையும் கட்டுமான வேலையாகவே கருதியது. ஆனால் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தியது. கடை பிரிக்க வருவது ஐந்தாறு பேர். எங்களை எந்தக் கணக்கிலும் காணோம்.

ஆகவே தங்களிடம் நாங்கள் முதன்மையாகக் கேட்பது ஒன்று. வணிக இடத்தின் உள் அமைப்பைப் பிரிக்கும் முன், வேலை தொடங்கும் நாளையும் பொறுப்பாளர் பெயரையும் மாநகராட்சி இணையதளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் முறை வேண்டாம், அப்படி வைத்தால் எல்லோரும் இரவில் ஒளிந்துதான் செய்வார்கள். பதிவு செய்தவுடன் ரசீது வந்தால் போதும். அந்தப் பதிவோடு, மின் இணைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டது, கூரை வழியே வேறு கடையின் லைன் போகவில்லை என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் எழுதிக் கையெழுத்திட்ட தாளும், பழைய சீட்டுகளைப் பரிசோதித்த விவரமும், வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்த சான்றும் இருக்க வேண்டும். பொறுப்பு வியாபாரியோடு நின்றுவிடாமல் வாடகைதாரரும் கட்டட உரிமையாளரும் சேர்ந்தே ஏற்கும்படி விதி எழுத வேண்டும். அதே முகவரிக்கு அடுத்தவர் தொழில் உரிமம் கேட்டு வரும்போது இந்த ரசீதைக் கேட்டாலே போதும், உரிமையாளர்கள் தாங்களாகவே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ரப்பிஷையும் இதோடு இணைக்கலாம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் குட்டியானை வண்டியில் ஏற்றிய ஜிப்சம் சீலிங் பலகையும் கண்ணாடியும் ஏரிக்கரையிலும் காலிமனையிலும் கொட்டப்படுகின்றன. எடை போட்ட சீட்டைப் பதிவில் ஏற்றச் சொல்லலாம். பாதரசம் உள்ள பழைய ட்யூப்லைட்டையும் பேட்டரியையும் ஆஸ்பெஸ்டாஸையும் அந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது, தனியே ஒப்படைக்க ஒவ்வொரு மண்டலத்திலும் ஓர் இடம் வேண்டும்.

விதியின் வரைவைத் தயாரிக்கும்போது தீயணைப்புத் துறை, மின்வாரியம், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் ஆகியவற்றோடு எங்களில் சிலரையும் அழைத்துக் கேட்க வேண்டுகிறோம். காலியாகும் ஒரு கடைக்குத் தங்கள் பொறியாளர்களை அழைத்துச் சென்று, எதை முதலில் கழற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நேரிலேயே காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தியாகராய நகர் பகுதி இன்டீரியர் தொழிலாளர்கள்

இடம்: சென்னை

நகல்: இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், இயக்குநர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை.