நீல விளக்கும் வெளுத்த பவளமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் அமைதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

இங்கே சிங்கப்பூரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் என் தொட்டிக்கு நானே விளக்குச் செய்துவிட்டேன். சின்னத் தொட்டி, 40 லிட்டர்தான். கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பாய். நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று நானே அறிந்து கொடுக்க வேண்டும் என்ற ஆசை.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் இரண்டு சனிக்கிழமை அலைந்து 3 வாட் எல்இடி பன்னிரண்டு சேர்த்தேன். ஆறு நீலம், ஆறு வெள்ளை. நீலத்தின் அலைநீளம் 450 நானோமீட்டர் அருகில் இருக்க வேண்டும். கடலில் சிவப்பு ஒளி மேலேயே அடங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி அந்த நீலத்தில் வாழப் பழகியது. இரவில் நீலத்தை மட்டும் போட்டால் காளான் பவளம் பச்சையாக ஒளிர்கிறது. என் மகள் அதன் முன்னாலிருந்து எழுந்திருக்க மறுக்கிறாள்.

எல்இடி சூடேறினால் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சூடேறிக் கருகிவிடும். அதனால் மின்னோட்டம் 700 மில்லி ஆம்பியரைத் தாண்ட விடாத டிரைவர் என்ற கருவியை நிறத்துக்கு ஒன்றாக வைத்தேன். தொடராக இணைத்த ஆறு விளக்குக்கு ஏறக்குறைய 20 வோல்ட் வேண்டும், 24 வோல்ட் அடாப்டர் போதும். எல்லாவற்றையும் அலுமினியக் கட்டையில் வெப்பப் பசை தடவித் திருகினேன். ஒரு திருகை மட்டும் சரியாக இறுக்கவில்லை. அந்த விளக்கு எரிந்துபோக, அதன் வரிசை முழுவதும் இருண்டது. உப்புத் தண்ணீர் தெறிக்காமலிருக்க அடியில் அக்ரிலிக் தகடு வைத்திருக்கிறேன்.

ஆனால் உனக்கு எழுத நினைத்தது வேறு. ஒளியைக் குறைக்கும் குமிழ் இருந்தும், முதல் நாளே முழு அளவில் எரியவிட்டேன். ஒன்பதாம் நாள் சுத்தியல் பவளத்தின் நுனி வெளுத்திருந்தது. பத்தாம் நாள் பாதி வெள்ளை. மாப்பிள்ளை, 2016 கோடையில் மண்டபத்துக் கடலில் பார்த்ததாக நீ தொலைபேசியில் சொன்ன அதே வெள்ளை! அங்கே சூடு, இங்கே ஒளி. இரண்டிலும் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி நச்சு உண்டாகிறது. பவளம் தனக்குச் சோறு போடும் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. அன்று நீ சொன்னபோது எனக்கு அது ஒரு செய்தி. இப்போது தொட்டியின் முன் உட்கார்ந்து அழுகை வந்தது.

உடனே ஒளியைக் கால் பங்காக்கினேன். வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி இப்போது நாற்பது விழுக்காட்டுக்கு வந்திருக்கிறேன். ஏழாவது வாரம் அடித்தண்டில் மங்கலாகப் பாசியின் பழுப்பு தெரிந்தது. நேற்று கொஞ்சம் கூடியிருக்கிறது. என்னால் குமிழைத் திருப்ப முடிந்தது. உங்கள் கடலுக்கு யார் திருப்புவது?

சிறுவயதில் சுண்ணாம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் பவளக் கல்லை வெட்டி ஏற்றி வந்ததை வேடிக்கை பார்த்தோம், நினைவிருக்கிறதா? அவை உயிருள்ளவை என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அடுத்த முறை குருசடைத் தீவுப் பக்கம் படகில் போனால், தண்ணீர் தெளிந்த காலையாகப் பார்த்துப் போ. பவளப் பாரில் பழுப்பு திரும்பியிருக்கிறதா, எந்த இடத்தில், எவ்வளவு என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்