பரீட்சை முடியட்டும், சட்டையை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ அம்மாவிடம் பேசும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வேலைக்குப் போட நல்ல துணி வாங்க வேண்டும், அதற்காக ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக் காசு சேர்க்கிறேன் என்று சொன்னாய். அம்மா உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் ஆற அமரப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இதைக் கேள். சாப்பாட்டில் கை வைக்காதே. துணிக்கு வழி இருக்கிறது. காலமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான், அந்தக் கவலையை என்னிடம் விடு. கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை சட்டை, பேன்ட், ஷூ எதையும் யோசிக்க வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. பரீட்சை நேரத்தில் உடம்பு ஒரு நிலையில் இருக்காது. சிலர் இளைப்பார்கள், சிலர் ஊதுவார்கள். அந்த அளவுக்கு வாங்கிய பேன்ட் இரண்டு மாதம் கழித்து இடுப்பில் நிற்காது. அப்போது சாப்பாட்டைக் குறைத்துச் சேர்த்த காசும் வீண்.

அடுத்தது தூக்கம். விடியும் வரை படிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அது பெருமையாகப் படவில்லை, பயமாகத்தான் இருந்தது. 1997இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களுக்குக் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர் எவ்வளவு தடுமாறுவாரோ அவ்வளவு தடுமாறியிருக்கிறார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். காலை ஏழு மணிக்கு எழுந்தவனுக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் நீ புரட்டும் பக்கங்களில் எவ்வளவு தலைக்குள் போகும் என்று யோசித்துப் பார். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் தூக்கத்தில்தான் நிறைய நடக்கிறது. தூங்காமல் படிப்பவன் படித்ததை மூளை எடுத்து வைக்கவே இடம் கொடுப்பதில்லை.

உன் வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். பரீட்சை நேரத்தில் ஒன்பது முடியாது என்பது எனக்கும் தெரியும். ஏழு மணி நேரத்தையாவது விட்டுக்கொடுக்காதே. காபி குடிப்பதாக இருந்தால் மதியத்தோடு நிறுத்திக்கொள். உடம்பில் ஏறிய காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தது ராத்திரி பதினொன்றுக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். படுத்த பிறகு புரண்டுகொண்டே இருக்கிறேன் என்று நீ சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, உன் பாடம் எனக்குப் புரியாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவிட்டு எழுதினால்தான் எது நிற்கிறது, எது ஓடிவிட்டது என்று தெரியும். இப்படிப் படித்தால் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் தூங்கு.

பரீட்சை ஹாலுக்குப் போவதற்கு முன்னால் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது என்றாய். அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடு. சில நிமிடம் அப்படிச் செய்தால் படபடப்பு இறங்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. 2011இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு இது. பரீட்சைக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம், மனதில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிய மாணவர்கள், அப்படி எழுதாதவர்களைவிடப் பரீட்சையை நன்றாகச் செய்தார்கள். அதிகம் பயப்படுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உதவியிருக்கிறது. எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போ. யாரும் படிக்கப்போவதில்லை.

இதற்கெல்லாம் அடங்காமல் போனால் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதே. நாலைந்து நாள் தொடர்ந்து தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் அந்த நிமிடமே எங்களைக் கூப்பிடு. விடிகாலை மூன்று மணி என்றாலும் கூப்பிடு. கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் போய்ப் பார், இல்லையென்றால் டாக்டரைப் பார். ஒரு பரீட்சை போனால் திரும்ப எழுதலாம். எனக்கும் அம்மாவுக்கும் நீ வேண்டும் தம்பி, மார்க் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான்.

சரி, இப்போது துணிக்கு வருகிறேன். இதைப் பரீட்சை முடிந்த பிறகு படித்தாலும் போதும்.

வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதே. அங்கே எல்லோரும் என்ன போடுகிறார்கள் என்று சேர்க்கும்போதே கேட்டுவிடு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் சில வாரத்துக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஜோடி ஷூ போதும். மூன்று சட்டையும் இரண்டு பேன்ட்டோடும் சேர்கிற நிறத்தில் இருந்தால் ஆறு விதமாகப் போடலாம். பேன்ட் கருநீலத்திலும் சாம்பல் நிறத்திலும் இருக்கட்டும். சட்டை வெள்ளை, இளநீலம், இன்னொன்று மெல்லிய கோடு போட்டது. கண்ணைப் பறிக்கிற நிறமோ பெரிய பூவோ போட்ட சட்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டாவது தடவை போட்டால் உடனே தெரிந்துவிடும். சாதாரண வெள்ளைச் சட்டையை யாரும் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சத்தை முதல் சம்பளம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் முதலில் தோளைப் பார். சட்டையின் தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். கையில் இறங்கித் தொங்கினாலும் சரி, கழுத்துப் பக்கம் ஏறி நின்றாலும் சரி, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதே. தோளைப் பிரித்துத் தைப்பது புதுச் சட்டை தைப்பதற்குச் சமமான வேலை. மற்றதெல்லாம் சுலபம். பேன்ட் நீளமாக இருந்தால் கீழே மடித்து அடித்துவிடலாம், சட்டை அகலமாக இருந்தால் பக்கத்தில் பிடித்துவிடலாம், இடுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த வேண்டுமென்றால் மட்டும் உள்பக்கம் திருப்பிப் பார். தையலுக்குள்ளே துணி விட்டிருந்தால் பிரித்து விடலாம். ஒட்ட வெட்டியிருந்தால் எந்தத் தையல்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலர் பொத்தானைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கைச் சட்டையின் கை, மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றுவிட்டு வந்துவிடாதே. உட்கார், குனி, இரண்டு கையையும் மேலே தூக்கு. உட்காரும்போது தொடையில் பிடிக்கிற பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்க முடியாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார், உள்பனியன் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தால் வேண்டாம். ஒரு ஓரத்தைக் கையில் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடு. அப்படியே சுருங்கி நின்றால் தினமும் காலையில் அயர்ன் பண்ணியே உன் நேரம் போகும். சுத்தப் பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனால் கசங்கும். பாலியஸ்டர் கசங்காது, வேர்வையை உறிஞ்சவும் உறிஞ்சாது. தினம் போடுவதற்கு இரண்டும் கலந்த துணி, பருத்தி கூடுதலாக இருப்பது, எனக்குப் பிடிக்கும். நெஞ்சில் கம்பெனிச் சின்னம் இருக்கிறதே என்பதற்காக அதிகக் காசு கொடுக்காதே.

ஒருவர் போட்ட துணியை வாங்குவதில் தப்பே இல்லை. அக்குள், காலர் மடிப்பு, பேன்ட்டின் தொடை இடுக்கு, ஜிப் இந்த நான்கையும் பார்த்து வாங்கு. பொத்தான் ஒன்று இல்லை என்பதெல்லாம் ஒரு குறையே இல்லை. தொடை இடுக்கில் துணி நைந்திருந்தால் மட்டும் வைத்துவிடு, அது சீக்கிரம் கிழியும்.

காசைக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க வேண்டியது ஷூவுக்குத்தான். சாயங்காலம் போய் வாங்கு. நாள் முழுக்க நின்று நடந்த பிறகு கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருக்கிற ஷூ எப்போதும் கடிக்காது. போகப் போகத் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பி எடுக்காதே.

வாங்கியதைப் பார்த்துக்கொள்வதில்தான் பாதிச் சேமிப்பு. உள்பக்கத்தில் தைத்திருக்கும் துண்டைக் கிழித்துப் போட்டுவிடாதே. அதில் அயர்ன் பெட்டி படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. தொட்டி மாதிரி படத்தில் கை இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். அடர்ந்த நிறத்தை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடு, வெளுக்காது. ஒரு நாள் போட்ட பேன்ட்டை மறுநாளே போடாமல் காற்றாட மாட்டி வை. ஊசி, நூல், நாலு பொத்தான் உன் பெட்டியிலேயே இருக்கட்டும். பொத்தான் தைக்க நீ பத்து வயதிலேயே பழகியவன்தான்.

இந்த மாதச் செலவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பியிருக்கிறேன். அது சாப்பாட்டுக்கு. துணிக்கு நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பரீட்சை முடிந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு அளவெடுத்து அனுப்பு. மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், பேன்ட் நீளம் எல்லாம் வேண்டும். நண்பன் யாரையாவது எடுக்கச் சொல், தானே எடுத்தால் தோள் அளவு தப்பும். மார்பு அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக நில். இரண்டு சட்டை நானே தைத்து அனுப்புகிறேன், பேன்ட்டும் ஷூவும் நீ அங்கே வாங்கிக்கொள். பேன்ட் நீளத்தை ஷூ போட்டுக்கொண்டு எடு.

அன்புடன்,
அப்பா