55 சிசி பெட்டியைப் பிரித்த மாப்ளைக்கு

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

கடிதமும் படங்களும் கிடைத்தன. ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம், அதுவும் 88 அங்குல இறக்கை, 55 சிசி பெட்ரோல் எஞ்சின்! தருமபுரியில் உன் வீட்டு வரவேற்பறையில் இனி ஆள் உட்கார இடமிருக்காது. தங்கச்சியிடம் என் அனுதாபத்தைச் சொல்.

இரண்டு நாளில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இறக்கையையும் வாலையும் மாட்ட ஒரு மாலை போதும். ஆனால் நாம் பேட்டரி விமானத்தில் பழகியவர்கள். அந்த மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றும். இந்த ஒற்றை சிலிண்டரோ ஒவ்வொரு வெடிப்புக்கும் உடம்பு முழுவதையும் உலுக்கும். ஒட்டாததைப் பிரிக்கும், இறுக்காததைக் கழற்றும். அதனால் மாட்டுகிற வேலையைவிடச் சரிபார்க்கிற வேலைதான் அதிகம்.

முதலில் கவுலை, அதாவது எஞ்சின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். ஃபயர்வால் (எஞ்சினைத் தாங்கும் முன் பலகை), சக்கரக்கால் பலகை, இறக்கைக் குழாய் உட்காரும் இடம் ஆகிய மூன்றிலும் தொழிற்சாலைப் பசை பேருக்குத்தான் இருக்கும். மூட்டுகளில் 30 நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை இழு. ஃபயர்வாலின் உள்மூலைகளில் முக்கோண பால்சா மரக் கட்டை வைத்து ஒட்டு. ஐந்து நிமிட எபாக்சியை இங்கே தொடாதே, மரத்துக்குள் ஊறுவதற்கு முன்பே இறுகிவிடும். டேங்க் அறையின் வெற்று மரத்துக்கும் மெல்லிய எபாக்சிப் பூச்சு கொடு. பெட்ரோலும் ஆயிலும் ஊறினால் மரம் பஞ்சாகும், அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.

ஃபயர்வாலில் எஞ்சினுக்கான குறுக்குக்கோடு நடுவில் இல்லை என்று எழுதியிருந்தாய். அது பிழையில்லை. எஞ்சின் வலப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி திரும்பி நிற்கும், அதனால் மையத்தை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நீ "திருத்தி" நடுவில் துளை போட்டால் ஸ்பின்னர் (ப்ரொப்பெல்லரின் கூம்பு மூடி) கவுலுக்கு வெளியே கோணிக்கொண்டு நிற்கும். ஸ்பின்னர் தட்டுக்கும் கவுலுக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடு.

உலோகத்தில் உலோகம் இறங்கும் திருகுக்கெல்லாம் நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) வேண்டும். திருகை முதலில் தின்னரில் கழுவு; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் படவிடாதே, வெடிப்பு விடும். மஃப்ளர் (சைலன்சர்) போல்ட்டில் மட்டும் நீலம் பயனில்லை, சூட்டில் இளகிவிடும். அங்கே லாக் வாஷர் போட்டு, முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி இறுக்கு. 22-8 அளவு மரப் ப்ரொப்பெல்லரும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். பறக்கும் நாளெல்லாம் காலையில் ஒருமுறை குறுக்கு மறுக்காக இறுக்கிப் பார்.

இறக்கையிலும் வாலிலும் அசையும் தகடுகளின் கீல்களை ஒட்டும்போது அசையும் மூட்டில் வாசலின் தடவிவிட்டு எபாக்சி வை. மறுநாள் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார். பிறகு கீல் இடுக்கு முழுவதும் டேப் ஒட்டி அடை. இடுக்கு திறந்திருந்து, அந்தத் தகடுகளை அசைக்கும் சர்வோ மோட்டாரின் இணைப்பிலும் ஆட்டம் இருந்தால், வேகத்தில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) படபடக்கும். அந்தப் படபடப்பு ஓரிரு நொடியில் இறக்கையையே உடைத்துவிடும். அதனால்தான் உலோகப் பல் சர்வோ, அலுமினியக் கை, பால் லிங்க் (குமிழ் மூட்டு) என்று செலவு வைக்கிறேன். கணக்குப் பார்க்காதே.

டேங்குக்கு சிலிக்கான் குழாய் வேண்டாம், பெட்ரோலில் ஊதிப்போகும். பெட்ரோலைத் தாங்கும் டைகான் குழாய் வாங்கு. டேங்க் மூடியின் ரப்பரும் பெட்ரோலுக்கென்று இருப்பதா என்று பார். குழாய் முனைகளில் மெல்லிய கம்பி சுற்று. மரத்துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டு, இல்லாவிட்டால் உலுக்கலில் உரசி ஓட்டை விழும். 30-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 33 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். பங்க் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்தே வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் கெடுக்கும். மாலையில் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணை.

பிளக்கில் பொறி கிளப்பும் இக்னிஷன்தான் நமக்குப் புதுசு. அதற்குத் தனி பேட்டரி, ரிமோட்டிலிருந்து அணைக்கும் கட்-ஆஃப் இரண்டும் கட்டாயம். இக்னிஷன் மாட்யூல் மூக்கில், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் பின்னால். நடுவே 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் இணைப்புக் கம்பி நைலானாக இருக்க வேண்டும். உலோகமோ கார்பனோ போட்டால் பொறியின் இரைச்சல் அதன் வழியே ரேடியோவுக்குள் ஏறும். எஞ்சின் நிற்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை ரேஞ்ச் சோதனை செய். இரண்டாவது முறை தூரம் குறைந்தால் அன்று பறக்கவிடாதே. பிளக் தொப்பி சரியாக உட்காரவில்லையா, பிளக் வயரைச் சுற்றிய உலோக உறை (ஷீல்டு) எங்காவது கிழிந்திருக்கிறதா என்று தேடு. சிக்னல் போனால் எஞ்சின் அணைகிற மாதிரி ஃபெயில்சேஃப் வை.

கவுலில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் இதை விட்டால் சிலிண்டர் பொரிந்துவிடும். இறக்கையைப் போர்த்திய கவரிங் தாளும் அப்படித்தான். பூட்டிய காரில் வைத்தால் மதியத்துக்குள் சுருக்கம் விழும். ஓரங்களைக் குறைந்த சூட்டில் ஒட்டிவிட்டு, அப்புறம் நடுவில் இஸ்திரியை ஓட்டு.

எடை சமன் பார்க்கும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டும். ஈயம் ஒட்டாதே, பேட்டரிகளை நகர்த்தியே சரிசெய். எடை மையத்தை முதலில் கையேடு சொல்லும் முன் எல்லையில் வை. பின்பாரம் கொஞ்சம் கூடினாலும் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) கையில் நிற்காது.

ஏரி வறண்டிருக்கிறது, ஓடுதளத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று முதலில் பார். 2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானத்துக்கு 25 கிலோதான் உச்சம், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். உன்னுடையது எட்டு கிலோவுக்குள் அடங்கும். கிளப்பும் இடத்தில் தார்ப்பாய் விரி, இல்லாவிட்டால் ப்ரொப்பெல்லர் சரளையை உறிஞ்சி இறக்கையில் அடிக்கும். கை உறை போட்டுக்கொள். வால் சிறகைப் பிடிக்காமல் அதற்கு முன்னால் உடம்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான்தான், அடுத்த ஞாயிறு வருகிறேன். அதற்குள் ஃபயர்வால், கீல் இரண்டையும் முடித்து வை. எஞ்சினை மட்டும் மாட்டாதே. என்னிடம் இருக்கும் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியின் முனை மழுங்கிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கி வை.

உன்,
மாப்ளே