கல்லீரல் கொழுப்புக்குப் பட்டினி மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தண்டையார்பேட்டையில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் கொழுப்பு' என்று பார்த்ததும் பயந்துபோய், சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் ஜூஸ் குடித்தே எடையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இது ஆபத்து, எடை மளமளவென்று இறங்கினால் கல்லீரல் வீக்கம் கூடலாம், பித்தப்பையில் கல்லும் வரலாம். தினமும் 500 கலோரி போல குறைத்து, வாரம் அரை கிலோ இறங்கினாலே நல்லது. உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் என்றால் வீக்கமும் தணியும். காசிமேட்டு மீனை வறுக்காமல் குழம்பு வையுங்கள், சோற்றைக் குறையுங்கள், அப்புறம் அந்த கலர் பாட்டில் குளிர்பானத்தை அறவே நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. ரிப்போர்ட் கொடுக்கும்போதே உணவு ஆலோசனையும் கிடைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை