சோப்பு தேய்க்காதே, மல்லிகா

சேலம், அஸ்தம்பட்டி
ஏப்ரல் 9

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. தயிர்சாதம் விமலா பாட்டியாகிவிட்டாள்! மற்றதெல்லாம் நேரில்.

நேற்று போனில் பேசிக்கொண்டே நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணினாயே, அப்போது 'கீஈஈ' என்று ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "ஒரு மாசமா அப்படித்தான்டீ, அண்ணன் பெல்ட்டுல சோப்பு தேய்ப்பார், ரெண்டு நாள் அடங்கிடும்" என்று சிரிக்கிறாய். அதே வண்டியில் மே மாதம் அத்தையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு வரப்போகிறாயாம். இதைப் போனில் சொன்னால் நடுவில் புடவை, மாங்காய் என்று பேச்சை மாற்றிவிடுவாய். ஹாஸ்டல் மொட்டை மாடியிலேயே உன்னைத் தெரியுமே. அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். அடிவாரம் தாண்டி 11-வது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பானெட்டுக்குள் 'டப் டப் டப்' என்று யாரோ செருப்பால் அடிப்பதுபோல் சத்தம். உடனே பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. பேட்டரிதான் போய்விட்டது, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வளைவும் ஏற்றினேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போனது. அம்மா, "என்னமோ காந்தல் நாத்தம் அடிக்குதே" என்றாள். ஓரங்கட்டி நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் பக்கத்தில் சுற்றும் ரப்பர் பெல்ட் நார் நாராகப் பிய்ந்து, அது ஓடும் சக்கரமான புல்லியில் சுற்றிக் கிடந்தது. ரேடியேட்டரிலிருந்து அனல். மூடியைத் திறக்கலாமா என்று கை போனது. பால் வண்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடித்திருக்கும். அம்மா சுவர் ஓரம் துண்டை விரித்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் முருகா முருகா என்றபடி இருந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, மல்லிகா.

அந்த ஒரு பெல்ட்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினுக்குள் தண்ணீரை ஓட்டும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் சார்ஜும் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் ஓட்டமும் இல்லை. அம்பாசிடர் காலத்தில் ரேடியேட்டர் விசிறியும் அதில்தான் சுற்றும். இப்போது விசிறிக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் 'ஃபேன் பெல்ட்' என்ற பேர் போகவில்லை. சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. இருபது வளைவும் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டேதான் ஏற வேண்டும். மெதுவாகப் போவதால் முன்னாலிருந்து காற்றும் அவ்வளவாக வராது. மலையில் பெல்ட் அறுந்தால் முள் ஏற அதிக நேரம் பிடிக்காது.

கேள், கதை அதோடு முடியவில்லை. அடிவாரத்திலிருந்து வந்த மெக்கானிக் பையன் புது பெல்ட் போட்டு, கடப்பாரையால் நெம்பி வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டிவிட்டான். "இனிமே சத்தமே வராதுக்கா" என்றான். இருபது நாளில் 'உய்ய்' என்று வேறு ஒரு சத்தம் வந்தது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பெல்ட்டை ஒருமுறை தொட்டார். "ஆல்டர்னேட்டர் பேரிங் தேஞ்சு போச்சு கண்ணு. லூஸா இருந்தா பெல்ட்டு சாகும், டைட்டா இருந்தா பேரிங்கு சாகும்" என்றார்.

அச்சைத் தாங்கிச் சுழலவிடும் அந்தப் பேரிங்கை மாற்றிய பிறகு நான் விடவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். முதலில் என் முந்தானையைச் செருகச் சொன்னார், சங்கிலியை ரவிக்கைக்குள் போடச் சொன்னார், சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். விசிறி சில வண்டியில் தானாகவே சுற்றும், விரலை வைக்காதே என்றார். பிறகு பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக முறுக்கி, உள்பக்கத்து வரிகளில் டார்ச் அடித்துக் காட்டினார். குறுக்கே வெடிப்பு இருக்கிறதா, ஓரம் நூல் பிரிந்திருக்கிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா, வழுக்கி வழுக்கிக் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இப்போது வரும் பெல்ட்டெல்லாம் வெடிக்காமலேயே தேயுமாம். அதனால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தையும் பார்க்கச் சொன்னார்.

அடுத்தது இழுவை. இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான பக்கத்தில், நடுமத்தியில் கட்டை விரலால் நன்றாக அழுத்து. என் வண்டிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். உன் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. லூஸாக இருந்தால் ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் மேலே நீள ஓட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை முதலில் இறுக்கணும். மறுபடி கட்டை விரல். சரியாக இருந்தால்தான் கீழ் போல்ட். நெம்பும் கம்பி ஆல்டர்னேட்டரின் பின் மூடியில் படக் கூடாது, உடைந்துவிடும். நானே ஒருமுறை செய்தேன். மேல் போல்ட் திருகும்போது பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பதைக் கை உணர்ந்ததே, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது? புது பெல்ட் என்றால் கொஞ்ச நாள் ஓடியதும் தளரும், திரும்பவும் பார்க்கணும்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது என்று கேட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் பேட்டரி பசியோடு சார்ஜ் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சுமை கூடும், அதன் சின்னப் புல்லியில் பெல்ட் வழுக்கும், அதுதான் கத்தல் என்றார். சோப்பைப் பற்றியும் கேட்டேன். அது கத்தலைத்தான் அடக்கும், வழுக்கல் அப்படியே இருக்கும், மேலே தூசியும் ஒட்டிக்கொள்ளும் என்றார். அண்ணனிடம் கோபித்துக்கொள்ளாமல் இதைச் சொல். எனக்கும் அந்தக் 'கீஈஈ' ஒரு மாசம் கேட்டது, மல்லிகா. நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

உன்னுடையதும் ஆல்டர்னேட்டரை நகர்த்தி டைட் பண்ணும் பழைய வண்டிதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே டார்ச்சை எடுத்துப் பார். வெடிப்போ மினுமினுப்போ இருந்தால் இழுத்துக் கட்டவே வேண்டாம், புதுசு போடு. எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு, அது மூடிக்குள் இருக்கும், அதைத் தொடாதே. வழியில் எங்காவது பேட்டரி விளக்கும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. என்னை மாதிரி இன்னொரு வளைவு ஏற்றாதே.

போன வாரம் மழை பெய்து மேலே காபி பூத்துவிட்டது. தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். நீ வருவதற்குள் உதிர்ந்துவிடும், பரவாயில்லை. தட்டுவடை செட்டுக்கு நான் பொறுப்பு. ஞாயிறு இரவு போன் பண்ணு. பெல்ட் எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல், அப்புறம் புடவைக் கதை.

அன்புடன்,
சாந்தா