வருகை குறைந்தால் நோய் குறைந்ததாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா ஊரடங்கில் அவசர அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள் குறைந்ததை, மக்களின் உடல்நலம் தேறியதற்கு அடையாளமாகச் சிலர் இன்றும் பேசுகிறார்கள். அதில் பாதிதான் சரி. நாடு முழுவதும் 2019இல் 1,51,113 பேரைப் பலிகொண்ட சாலை விபத்துகள், 2020இல் 1,31,714 பேரைப் பலிகொண்டன. வண்டி ஓடாத நாளில் எலும்பு முறிவதும் குறையும். குடல்வாலுக்கு (அப்பெண்டிக்ஸ்) ஊரடங்கு ஏது?

குடல்வால் அழற்சியில் லேசான சில தானாகவே அடங்கியிருக்கலாம். ஆனால் சிக்கிக்கொண்ட ஹெர்னியாவும் (குடலிறக்கம்), இரைப்பைப் புண்ணில் விழுந்த ஓட்டையும், சர்க்கரை நோயாளியின் அழுகிய காலும் அப்படி அடங்குவதில்லை. பதிவேட்டில் அவை குறைந்தால், நோயாளி இன்னும் வீட்டில் படுத்திருக்கிறார் என்றே பொருள். விபத்தையும் வயிற்றையும் ஒரே கூட்டலில் போட்டு ‘சேர்க்கை சரிந்தது’ என்று எழுதும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

மக்கள் ஏன் வரவில்லை என்பது தெரிந்ததுதான். அன்று பேருந்து இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம். போதாக்குறைக்கு, ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளுகிறார்கள். குடல்வால் வெடித்ததும் சில மணி நேரம் வலி குறைவது உண்டு. அதைக் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பிறகு சீழ் வயிறெங்கும் பரவுகிறது. சின்னத் துளைகளில் முடிந்து ஓரிரு நாளில் வீடு திரும்பவேண்டியவருக்கு, நடுவயிற்றைத் திறந்து லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, வடிகுழாய் வைத்து, வென்டிலேட்டர் படுக்கையும் தேடவேண்டியதாகிறது. பெருந்தொற்றில் தட்டுப்பாடான படுக்கையே அதுதான்.

வந்து சேர்ந்த பிறகும் தாமதம் உண்டு. முறுக்கிக்கொண்ட விரையையோ, ரத்த ஓட்டம் நின்ற குடலையோ, காலையோ காப்பாற்றக் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம். கொரோனாவே ரத்தக்குழாயில் உறைகட்டியை உண்டாக்கும் என்பதால், குடலும் காலும் ரத்தமின்றிச் சாகும் நோயாளிகள் அந்தக் காலத்தில் கூடுதலாகவே வருவார்கள். ஆர்டிபிசிஆர் முடிவு மறுநாள் வரட்டும் என்று அவர்களை நிறுத்திவைக்க முடியாது. ட்ரூநாட், சிபிநாட் கருவிகளில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். அவற்றின் கேட்ரிட்ஜ்களில் ஒரு பங்கை அறுவைப் பிரிவுக்கென்று ஒதுக்கவேண்டும். அதற்கும் நேரமில்லையென்றால், தொற்று இருப்பதாகவே கருதி முழுக் கவசத்துடன் கத்தியை எடுக்கவேண்டியதுதான்.

ஆபரேஷன் தியேட்டரின் காற்றோட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. மணிக்கு 20 முறை காற்று மாறும் அறையில், மயக்க மருந்துக் குழாய் செருகும்போது பரவும் கிருமித்துகள்களில் 99 சதவீதம் 14 நிமிடத்தில் வெளியேறும். 6 முறை மட்டும் மாறினால் 46 நிமிடம். வெறும் ஸ்பிளிட் ஏசி மாட்டிய சிறிய மருத்துவமனைகளில் அந்த 6 கூடத் தேறாது. அங்கே நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் வெளியேற்று விசிறியும் தேவை.

தொற்றாளருக்கு அறுவை செய்ய மருத்துவர்கள் தயங்கியதில் நியாயம் இல்லாமல் இல்லை. 24 நாடுகளில் அறுவை செய்துகொண்ட 1,128 தொற்றாளர்களைக் கவனித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தனர். ஆகவே சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. குடல்வாலுக்குள் கல் இருந்தவர்களிடம் அது பத்தில் நான்கு. ஸ்கேனில் கல் தெரிந்தால் காத்திருப்பதைப் பற்றி இருமுறை யோசிக்கவேண்டும்.

அடுத்த பெருந்தொற்றில் சுகாதாரத் துறை தன் தினசரி அறிக்கையில் இரண்டு எண்களைச் சேர்க்கட்டும்: குடல்வால் நோயாளிகளில் வெடித்த பின் வந்தவர்கள் எத்தனை சதவீதம், வலி தொடங்கி எத்தனை மணி நேரத்தில் அறுவை நடந்தது. இவை ஏறத் தொடங்கிய வாரமே தெருத்தெருவாக ஒலிபெருக்கி ஆட்டோ போகவேண்டும். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்பதோடு இதையும் சொல்லட்டும்: பலகைபோல் இறுகிய வயிறு, உள்ளே போகாமல் வலிக்கும் ஹெர்னியா, காற்றும் மலமும் போகாமல் வாந்தி, சிறுவனுக்குத் திடீர் விரைவலி, சில்லிட்டு வெளுத்த கால். இவற்றில் ஒன்று இருந்தாலும் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பேதி மருந்து எடுக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் சிலர்,
மதுரை